உறையைக் கொண்டு அறிதல்

எழுத்தாளர்களைத் தலைமுறைகளாகவும் முகாம்களாகவும் பிரித்து அடுக்குவது நம்மைப் போன்ற வாசகர்களுக்குப் பழகிப்போன வேலை. அடுக்கு தவறினால் அதிகம் போனால் ஒரு சண்டை வரும், யாரும் சாவதில்லை. ஆனால் வகை தவறினால் உயிர் போய்விடும் என்ற நிலையில் பெயரிடும் வேலை நடந்த காலம் ஒன்று உண்டு. அது நிமோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரியின் கதை.

1881இல் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த கிருமி இது. சங்கிலியாய்த் தொடரும் சர்க்கரை மூலக்கூறுகளாலான உறை ஒன்று இதைப் போர்த்தியிருக்கிறது. இரத்த வெள்ளணுக்கள் தன்னை விழுங்காதபடி காப்பது அந்த உறையே. அதன் வேதியமைப்பு வகைக்கு வகை மாறும். நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் அந்தந்த உறைக்கென்றே அமையும். 1902இல் ஜெர்மனியின் நியூஃபெல்ட், பொருத்தமான சீரத்தைக் கலந்தால் உறை வீங்கினாற்போல் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிவதைக் கண்டார். பொருந்தாத சீரத்தில் ஒன்றும் நிகழாது. உறையே கிருமியின் அடையாளமாயிற்று.

1913இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் டோகெஸ், கில்லெஸ்பி இருவரும் நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகளை நான்காகப் பிரித்தனர். முதல் மூன்றும் திட்டமான வகைகள். நான்காவது, எதிலும் சேராதவற்றைப் போட்டுவைத்த மூட்டை. நமது இலக்கிய வரலாறுகளிலும் 'பிறர்' என்றொரு அத்தியாயம் உண்டல்லவா, அது போல. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த முதல் வகைச் சீரம் முதல் வகை நோயாளியை மட்டுமே காக்கும். ஆகவே நோயாளியின் சளியை ஒரு வெள்ளெலியின் வயிற்றுக்குள் செலுத்தி, கிருமி பெருகும்வரை காத்திருந்து, வகையறிந்த பின்னரே சிகிச்சை தொடங்கும். அந்தக் காத்திருப்பின் ஒவ்வொரு மணியும் நோயாளியின் ஆயுளிலிருந்து கழிந்தது.

வகைகள் மாறாதவை என்ற எண்ணத்தை 1928இல் லண்டனின் கிரிஃபித் அசைத்தார். உறையிழந்த, உயிருள்ள இரண்டாம் வகையோடு, சூட்டால் கொன்ற மூன்றாம் வகையைச் சேர்த்து எலிக்குள் செலுத்தினார். இறந்த எலியின் இரத்தத்தில் உயிருள்ள மூன்றாம் வகை இருந்தது. செத்தது தன் உறையை உயிருள்ளதற்கு உடுத்திவிட்டிருந்தது! அதைச் சாத்தியமாக்கிய பொருள் டிஎன்ஏ என்று 1944இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினர். மரபின் வேதியியல் இந்த வகைப்பிரிப்பு மேசையில்தான் பிடிபட்டது.

பின்னர் சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் வந்தன. வகை எதுவானாலும் மருந்து ஒன்றே என்றான பிறகு, வகை பார்ப்பவர்கள் அருகினர். பென்சிலின் பெற்றவர்களிலும் பலர் நோயின் முதல் சில நாட்களில் இறப்பதை 1964இல் ஆஸ்ட்ரியனும் கோல்டும் எடுத்துக்காட்டினர். ஆஸ்ட்ரியனின் பிடிவாதத்தால் 14 வகை உறைகள் கொண்ட தடுப்பூசி 1977இல் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தந்தையார் நிமோனியாவில் கிடந்தபோது, ஆய்வகத் தாளில் நிமோகாக்கஸ் என்ற பெயர் மட்டுமே இருந்தது. "எந்த வகை டாக்டர்?" என்று உடன்பிறந்த நாங்கள் மூவரும் கேட்டோம். "தெரிஞ்சாலும் மருந்து மாறாதுங்க" என்றார் அவர், கனிவாகத்தான். அது உண்மை. ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். கொன்றதன் முழுப்பெயரைக் கேட்க எங்களுக்கு என்ன தேவை இருந்தது என்று பிறகு வெகுநாள் யோசித்தோம்.

இன்று நூறுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. 2000இல் அமெரிக்கக் குழந்தைகளுக்கு 7 வகைகளுக்கான தடுப்பூசி வந்தது. அவ்வகைகள் ஒடுங்க, காலியான இடத்தில் 19ஏ என்னும் வகை பரவியது. யாரோ சலிக்காமல் வகை பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது தெரியவந்தது. 2010இன் 13 வகைத் தடுப்பூசியில் அதுவும் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கிய நிமோகாக்கஸ் தடுப்பூசித் திட்டம் 2021இல் நாடெங்கும் விரிந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்திலும் இந்த வகைப்பிரிப்பு நடக்கிறது.

ஒரு காலத்தில் படுக்கையில் கிடந்த ஒருவருக்காகத் தேடப்பட்ட பெயர், இன்று இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்காகத் தேடப்படுகிறது. அந்தப் பேரேட்டில் அப்பாவின் வரி இல்லை. அங்கே எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவரின் அப்பாவோ குழந்தையோ இருப்பதை மட்டும் நாங்கள் அறிவோம்.