சுவிட்ச் வேலைக்குக் கூலி

திருச்சி தில்லை நகரின் கிராஸ் தெருக்களில் கிளினிக், ஸ்கேன் சென்டர், கோச்சிங் வகுப்பு என்று எங்கே ஏறினாலும் கேமரா, வைஃபை, பில்லிங் கம்ப்யூட்டர், போன் எல்லாம் உண்டு. அத்தனை வயரும் ஏதோ ஒரு மூலை ரேக்கில் இருக்கும் சுவிட்சில்தான் வந்து சேர்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களை நாம் 'கேமரா மாட்ட வந்தவங்க' என்றுதான் சொல்கிறோம். கேபிளுக்கு மீட்டர் கணக்கு, கேமராவுக்குப் பாயின்ட் கணக்கு என்று கூலி பேசுகிறோம். சுவிட்சை கான்ஃபிகர் செய்யத் தனியாகப் பணம் ஒதுக்குபவர்கள் குறைவு. என் கட்சி இதுதான்: அந்த வேலையிலேயே பொறுப்பு மிகுந்த பகுதி, கூலி பேசப்படாத அந்தக் கடைசிக் கட்டம்தான்.

கிரிம்பிங் செய்யும் கையை அருகே நின்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று எட்டு இழைகளையும் விரலால் நீவி, நுனியைச் சமமாக வெட்டி, ஜாக்கில் செருகி அழுத்துகிறார்கள். அதே கேபிளில்தான் டேட்டாவோடு கரண்டும் போகிறது. 2003இல் வந்த தர விதிப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம்; 2009இல் அது 30 வாட் ஆனது. எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று சோதித்த பிறகே சுவிட்ச் முழு மின்னழுத்தத்தைத் திறக்கும். சிக்கல் மொத்தக் கணக்கில் இருக்கிறது. 24 போர்ட்டுக்கும் 15.4 வாட் கொடுக்க 370 வாட் வேண்டும். அதே 24 போர்ட்டோடு அதில் பாதி வாட் தரும் சுவிட்சும் மலிவாகக் கிடைக்கிறது. பகலெல்லாம் கேமரா ஒழுங்காக ஓடும். இருட்டி, இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கியதும் ஒவ்வொன்றும் கூடுதலாக இழுக்கும். கணக்கு மீறினால் ஏதோ ஒரு போர்ட் அணையும். அணைவது படிக்கட்டுக் கேமராவா, வரவேற்பு மேசை போனா என்பது முன்னுரிமை எழுதி வைத்தவர் கையில் இருக்கிறது. அவர் எழுதாவிட்டால் இயந்திரம் தன் போக்கில் அணைக்கும்.

ஒரே சுவிட்சுக்குள் நெட்வொர்க்கைப் பிரிக்கும் விலான் இன்னும் நுணுக்கமானது. பில்லிங்குக்கு எண் 10, கேமராவுக்கு 20, நோயாளிகளின் வைஃபைக்கு 30 என்று பிரித்தால் ஒரே சுவிட்சில் மூன்று தனி நெட்வொர்க். ஆனால் டாக்டர் தன் அறையிலிருந்தே கேமரா பார்க்க வேண்டும் என்பார். அதற்கு லேயர் 3 சுவிட்சில் ஒவ்வொரு விலானுக்கும் ஐபி முகவரி கொடுத்து ரூட்டிங்கைத் திறக்க வேண்டும். வேறு தடை எழுதாமல் திறந்தால் மூன்றும் தாராளமாகப் பேசிக்கொள்ளும். பிரித்த பாதுகாப்பு அதோடு போயிற்று. டாக்டரின் கம்ப்யூட்டருக்கும் கேமரா ரெக்கார்டருக்கும் இடையே மட்டும் வழி, வைஃபையிலிருந்து உள்ளே எங்கும் வழி இல்லை என்று அக்சஸ் லிஸ்ட் எழுதுவதே உண்மையான வேலை. அதன் வரிகளின் வரிசை மாறினாலும் கெட்டது, ஏனென்றால் முதலில் பொருந்தும் வரியோடு சுவிட்ச் நின்றுவிடும்.

சின்ன கிளினிக்குக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கியபோது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. எய்ம்ஸ் பெரிய இடம், சரி. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டின் ஒரு மகப்பேறு மருத்துவமனைக் கேமராப் பதிவுகள் இணையத்தில் கசிந்தன. விலான் மட்டும் அதைத் தடுத்திருக்கும் என்று வாதிட மாட்டேன். ஆனால் நம் சின்ன இடத்தை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கைக்கு அது போதுமான பதில். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று போன் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே விலானில் போட்டுவிடுகிறார்களே என்ற குறையும் உண்டு. திரும்ப வந்து சரிபார்க்கக் கூலி இல்லாதபோது, குறுக்குவழியை அவர்கள் மேல் மட்டும் சுமத்துவது நியாயமில்லை.

அடுத்த முறை வேலை கொடுக்கும்போது எந்த போர்ட்டில் எது, எந்த விலான், எத்தனை வாட், யார் யாரோடு பேசலாம் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை எழுதும் நேரத்தையும் பில்லில் தனி வரியாகச் சேர்த்து, பேரம் பேசாமல் கொடுங்கள்.