பணியில் சேர்ந்த தேதிக்கு முன்னால்

புனேயில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பேராசிரியர் முதல் பியூன் வரை எல்லோருடைய சர்வீஸ் புத்தகங்களும் என் அலமாரியில் இருக்கின்றன. முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம், சொந்த ஊர். பிறகு பணியில் சேர்ந்த தேதி. அங்கிருந்து இன்க்ரிமென்ட், ஈட்டிய விடுப்பு, பதவி உயர்வு, ஊதியக் குழு நிர்ணயம் என்று ஓய்வு பெறும் நாள் வரை பக்கங்கள் நிரம்பும். இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்தால் அதுவும் அதில் ஏறும். தழும்பு எப்படி வந்தது என்பதற்கு இடம் கிடையாது.

இந்தப் புத்தகங்களைப் புரட்டுகிறவருக்கு ஒன்று கண்ணில் படும். கடைநிலை ஊழியர்களில் பலருக்குப் பிறந்த தேதி ஜூன் 1. மகாராஷ்டிரத்துக் கிராமங்களில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெற்றோருக்குத் தேதி தெரியாது. மாஸ்தர் பள்ளிக் கணக்குக்குத் தோதாக ஜூன் 1 என்று எழுதிவிடுவார். முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. அதனால் ஒவ்வொரு மே 31 அன்றும் எங்கள் கல்லூரியில் சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று பிரிவுபசார விழாக்கள் நடக்கும். சால்வை, தேங்காய், நாலு வார்த்தை, ஒரு குரூப் போட்டோ.

புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் குறைவு. நூலகர் பாலக்காட்டுக்காரர். கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் சோலாப்பூரிலிருந்து வந்தவள். அவளுடைய முன்னோர்கள் தறி வேலைக்காகத் தெலுங்கு நாட்டிலிருந்து சோலாப்பூருக்குப் போன பத்மசாலிகள். இரவுக் காவலர் நேபாளி. பீட், லாத்தூர், நாந்தேட் பக்கத்து வறட்சி ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஆய்வகங்களிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறார்கள். மாநிலம் தாண்டி வந்தவர்தான் வந்தேறி என்று நான் நினைத்திருந்த காலம் உண்டு. பீடிலிருந்து வந்த பணிப்பெண் ஒருவர் புனே மராட்டியில் பேசத் தயங்குவதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. நான் கும்பகோணம். கல்யாணமாகிக் கட்கிக்கு வந்தேன். மாமனார் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார்.

புனே கல்லூரிகளில் வருஷத்துக்கு ஒருமுறை 'டிரெடிஷனல் டே' வரும். பெண்கள் ஒன்பது கஜம் கட்டி மூக்கில் நத்து போட்டுக்கொள்வார்கள், பையன்கள் தலையில் ஃபேட்டா கட்டுவார்கள். அன்றைக்கு எனக்குப் பட்டுப்புடவை, நூலகருக்குக் கசவு வேட்டி. மத்தியானம் அவரவர் வீட்டிலிருந்து ஒரு பலகாரம். எனக்குப் பிடித்த நாள் அது. ஆனால் அன்று கேட்கப்படுவது உடுத்துவதையும் உண்பதையும் பற்றித்தான். ஒருவர் எதை விட்டுவிட்டு வந்தார், எதைக் கையோடு கொண்டுவந்தார், அதில் எது இங்கே அவர் செய்யும் வேலைக்குள் போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒருவருடைய ஊரும் பழைய வாழ்க்கையும் அவர் வேலையில்தான் அதிகம் தங்கியிருக்கும் என்பது என் எண்ணம். இந்த நகரத்தின் வரலாறே அதற்குச் சாட்சி.

பி.கே.எஸ். ஐயங்கார் 1937இல் புனேக்கு வந்தபோது அவருக்கு வயது 18. கர்நாடகத்தில் பெல்லூரில், தமிழும் கன்னடமும் கலந்து பேசும் வைஷ்ணவக் குடும்பத்தில், இன்ஃப்ளுயன்ஸா கொள்ளைநோய் பரவிய 1918இல் பிறந்தவர். சிறு வயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தொடர்ந்தது. மைசூரில் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் அவருடைய அக்காவின் கணவர். டெக்கான் ஜிம்கானாவுக்கு ஆறு மாதத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டபோது அவர் இந்தப் பையனை அனுப்பினார். சீடர்களில் இவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பது அதற்கு ஒரு காரணம். அந்தக் கொஞ்சமும் மெட்ரிகுலேஷன் தேறப் போதாமல் போன இங்கிலீஷ். மராட்டி ஒரு சொல்கூடத் தெரியாது. வகுப்புக்கு வந்தவர்களில் கல்லூரி மாணவர்கள் நிறைய. அவரைவிட மூத்தவர்கள், படித்தவர்கள், உடம்பில் வலுவுள்ளவர்கள். மொழியால் விளக்க முடியாத இடத்தில் அவர் தன் உடம்பால் செய்துதான் காட்ட வேண்டும். அதற்காக நாள் முழுவதும் தனியே பயிற்சி செய்தார். ஒப்பந்தம் முடிந்த பிறகு கையில் காசில்லாமல், தேநீரும் தண்ணீருமாக ஓட்டிய நாட்களைப் பற்றிப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இருந்தும் ஊருக்குத் திரும்பவில்லை. 2014இல் இறக்கும் வரை இதே நகரம்.

உலகம் அவரை 1966இல் வந்த அவருடைய யோக நூலால் அறியும். கயிறு, பெல்ட், மரக்கட்டை, நாற்காலி இவற்றைத் துணையாக வைத்து நோயாளியும் முதியவரும் ஆசனம் செய்ய அவர் வகுத்த முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. எனக்கு அதில் நோஞ்சானாக வளர்ந்த பெல்லூர்ப் பையன் தெரிகிறான். வளையாத உடம்பு என்ன பாடு படும் என்று தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டவருக்குத்தான் வளையாதவனுக்கு ஒரு நாற்காலி போடத் தோன்றும்.

எரவாடா பக்கம் டெக்கான் கல்லூரி இருக்கிறது. பழைய கல்லூரி மூடப்பட்டு 1939இல் ஆராய்ச்சி நிறுவனமாக மறுபடி திறந்தது. அங்கே திராவிட மொழியியல் பார்த்தவர் சி.ஆர். சங்கரன். தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைப் பற்றிச் சொல்வதை அவர் சோதனை ஒலியியலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பழந்தமிழின் ஒலியன்களைப் பற்றிய அவருடைய நூலை 1951இல் டெக்கான் கல்லூரியே வெளியிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் மூன்று புள்ளி வைத்துவிட்டு மறந்துபோகும் ஆய்தத்தைப் பற்றி, மராட்டிய நாட்டு நகரம் ஒன்றில் உட்கார்ந்து ஒருவர் ஆண்டுக்கணக்கில் யோசித்திருக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலர் என்பது எனக்கு வருத்தம்.

பண்டார்கர் நிறுவனத்தில் நடந்த மகாபாரத வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். 1919இல் தொடங்கிய ஆய்வுப் பதிப்பு 1966இல் முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் வந்து அதை அறிவித்தார். பதிப்பாசிரியர் சுக்தங்கர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையின் அடித்தளத்தில் இருந்தவர்கள் சுவடி ஒப்புநோக்கிய சாஸ்திரிகள். ஒரு சுலோகத்துக்கு ஒரு தாள். தாளில் கட்டங்கள். மேல் வரியில் வழக்கிலுள்ள பாடம், அதன் கீழே ஒவ்வொரு சுவடியிலும் மாறுபடும் எழுத்து, எழுத்துக்கு நேராக. காஷ்மீரத்துச் சாரதை, வங்காளம், தேவநாகரி என்று வந்த சுவடிகளோடு கிரந்தம், தெலுங்கு, மலையாளம் எழுத்துகளிலும் சுவடிகள் வந்தன. தஞ்சாவூரிலும் இதற்கென ஒப்புநோக்கும் வேலை நடந்தது. சின்ன வயதில் திண்ணையில் யாரோ தாத்தா கற்றுக்கொடுத்த கிரந்த எழுத்துதான் அந்தக் கட்டங்களை நிரப்பியது. பத்தொன்பது தொகுதிகளில் எந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வரும்.

பி.கே. நாயர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்தில் சினிமா டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்த சிறுவன், 1961இல் புனே திரைப்படக் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து, 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டி எழுப்பினார். ஃபால்கேயின் மௌனப் படங்கள் இன்று மிஞ்சியிருப்பது அவரால். டிக்கெட்டைத் தூக்கிப் போட மனம் வராத குணம்தான் பிறகு பிலிம் சுருளையும் தூக்கிப் போட விடவில்லை.

ஃபெர்குஸன் கல்லூரிக்குப் போகும் சாலையில் இன்று 'வைஷாலி' என்று எல்லோரும் அறியும் உணவகத்தின் பழைய பெயர் 'மெட்ராஸ் ஹெல்த் ஹோம்'. நடத்தியவர் துளு நாட்டு ஷெட்டி. பேராசிரியர்களும் மாணவர்களும் மூன்று தலைமுறையாகப் பேசித் தீர்த்த மேஜைகள் அவருடையவை.

இவர்களெல்லாம் பெயர் பெற்றவர்கள், எழுதி வைக்க ஆள் கிடைத்தவர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சைக்கு வந்த மராட்டியர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1803இல் இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராட்டியிலேயே தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் வெட்டி வைத்தார். மிக நீளமான கல்வெட்டு. சிறுமியாக அதைப் பார்த்தபோது புரியாத எழுத்து என்று தாண்டிப் போய்விட்டேன். புனேக்கு வந்து மராட்டி படிக்கக் கற்ற பிறகு ஒரு விடுமுறையில் போய் அதன் முன் நின்று சில வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிழைக்க வந்த இடத்தில், நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்று தன் மொழியில் சொல்லிவிட வேண்டும் என்ற அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிந்தது. அரசனுக்குச் சுவர் இருந்தது. அவனோடு வந்த குதிரைக்காரனுக்கும் சமையல்காரனுக்கும் எழுத்தனுக்கும் அதே ஆசை இருந்திருக்கும்.

எங்கள் கல்லூரியின் வேதியியல் துறை ஸ்டோரில் இருந்த லேப் அட்டெண்டன்ட் ஒருவர் மே 31 அன்று ஓய்வு பெற்றார். பென்ஷன் காகிதங்களைத் தயார் செய்யும்போது அவருடைய பள்ளிச் சான்றிதழ் நகல் என்பதையும் அது 1994இல் வழங்கப்பட்டது என்பதையும் கவனித்தேன்.

"பாவு, அசல் சான்றிதழ் எங்கே? ஆடிட்டில் கேட்பார்கள்."

"அசல் மண்ணுக்குள் இருக்கிறது, தாயி" என்றார். தாயி என்றால் மராட்டியில் அக்கா, என்னை அப்படித்தான் அழைப்பார்.

அவருடைய ஊர் லாத்தூர் மாவட்டத்தில், கில்லாரிக்குப் பக்கம். 1993 செப்டம்பர் 30. முந்தைய நாள் கணபதியைக் கரைத்துவிட்டு ஊரே அசந்து தூங்கியது. விடிவதற்கு முன் நாலு மணி வாக்கில் பூமி ஆடியது. அந்த வட்டாரத்து வீடுகள் தடித்த கல் சுவர், மண் சாந்து, வெயில் தாங்குவதற்காகக் கூரையின் மேல் கனமான மண் அடுக்கு. அந்தக் கூரைதான் அவ்வளவு பேரைக் கொன்றது. பத்தாயிரத்துக்குச் சற்றே குறைவானவர்கள். இவர் பந்தலிலேயே படுத்திருந்ததால் தப்பினார். வீட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றி அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. புனேக்கு வந்து கட்டட வேலை செய்து, பிறகு கல்லூரியில் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானார்.

அவருடைய ஸ்டோர் ரூமைப் பற்றி எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் பெருமை. ஆய்வுக்கு வரும் குழுவினரை முதலில் அங்கேதான் அழைத்துப் போவார்கள். அமிலப் பாட்டில்கள் தரையோடு ஒட்டிய தட்டில், மணல் நிரப்பிய தட்டங்களுக்குள். ஆள் உயரத்துக்கு மேல் கனமான பொருள் ஒன்றுகூடக் கிடையாது. மேல் தட்டுகளில் வெறும் வடிதாளும் காலி அட்டைப் பெட்டிகளும். அலமாரிகள் எல்லாம் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து முடுக்கப்பட்டவை. கதவுக்கு முன்னால் எதையும் வைக்க விடமாட்டார். புதிதாக வந்த விரிவுரையாளர்கள், இடத்தை வீணாக்குகிறார், பிடிவாதக்காரர் என்று சலித்துக்கொண்டதும் உண்டு. அவர் யாருக்கும் காரணம் சொன்னதில்லை. அன்று என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "தலைக்கு மேல கனம் இருக்கக் கூடாது, தாயி. பிள்ளைங்க வேலை செய்யற இடம்."

நான் முதல்வரிடம் போய், இந்த முறை பிரிவுபசாரத்தில் மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து அவரைப் பேச விடலாமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். அந்த லேப் அட்டெண்டன்ட் தன் மராட்வாடா பேச்சில் ஊரையும் சோளக்காட்டையும் கணபதி ஊர்வலத்தையும் பிறகு அந்த இரவையும் சொன்னார். ஸ்டோர் அலமாரிகளைப் பற்றியும் சொன்னார். அந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் எழுந்து, எந்தத் தட்டில் எது என்று ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள், மாற்ற மாட்டேன் என்றாள். மறுநாள் ஓய்வு பெற்ற மனிதராக வந்து அவர் அதை வரைந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு கோப்பு தொடங்கியிருக்கிறேன். சர்வீஸ் புத்தகத்தில் தாள் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை, எனவே இது தனி. விருப்பமுள்ளவர்கள் பணியில் சேர்ந்த தேதிக்கு முன்னால் உள்ள தங்கள் வாழ்க்கையை, எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் எழுதித் தரலாம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். யாரையும் வற்புறுத்துவதில்லை. சிலருக்குப் பழையதைத் திறக்க விருப்பம் இருக்காது, அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. தோட்டக்காரர் ஒருவர் மறுத்துவிட்டார். நேபாளிக் காவலர் சொல்லச் சொல்ல கணக்குப் பிரிவுப் பெண் இந்தியில் எழுதினாள். சோலாப்பூர்த் தறிகளைப் பற்றித் தன் பாட்டி சொன்னதை அவளும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள்.

நூலகர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் கொடுத்திருப்பது முழுவதும் மலையாளம், நெருக்கமான கையெழுத்து, இருபது பக்கம் இருக்கும். மராட்டியில் மாற்றித் தர அவருக்கு மனமில்லை, இப்படியேதான் இருக்க வேண்டும் என்கிறார். எனக்கு மலையாளம் கேட்டால் புரியும், படிக்க வராது. முதலாமாண்டு பி.எஸ்சி. வகுப்பில் திருச்சூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் வந்து படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.