தூக்க மறுத்த லிஃப்ட்

டவுனில் இருக்கிறவர்கள் டிராக்டர் என்றால் இழுக்கிற வண்டி என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அது தூக்குகிற வண்டி. இழுப்பதற்கு மாடு போதும். பின்னால் மாட்டியிருக்கும் ஒன்பது கொத்துக் கலப்பை 200 கிலோவுக்கு மேல் இருக்கும். சால் முடிகிற இடத்தில் அதைத் தூக்கி, வண்டியைத் திருப்பி, அடுத்த சாலில் திரும்பவும் இறக்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு இப்படி எத்தனை தடவை ஏத்தி இறக்குகிறோம் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வேலையைச் செய்வதுதான் ஹைட்ராலிக் லிஃப்ட். எஞ்சின் எவ்வளவு நல்லா ஓடினாலும் லிஃப்ட் தூக்கவில்லை என்றால் அன்றைக்கு அந்த வண்டி வெறும் இரும்பு.

டிராக்டருக்குப் பின்னால் கீழே இரண்டு கை, மேலே நடுவில் ஒரு கம்பி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே உள்ளதை டாப் லிங்க் என்போம். இந்த மூன்று இடத்தில்தான் கலப்பை மாட்டுகிறது. இதை உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். அதற்கு முன்பு கலப்பையைச் சங்கிலி போட்டு வண்டிக்குப் பின்னால் இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் முன் சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாக ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். அப்படிச் செத்தவர்கள் பல பேர். பெர்குசன் மூன்று புள்ளியில் கலப்பையை வண்டியோடு ஒரே உடம்பாகச் சேர்த்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்க வைத்தார். 1936-ல் அவருடைய டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1939-ல் போர்டோடு சேர்ந்து அமெரிக்காவில் செய்தார். இன்றைக்கு எந்தக் கம்பெனி டிராக்டர் வாங்கினாலும் பின்னால் இருப்பது அந்த மூன்று புள்ளிதான்.

உள்ளே நடப்பது பத்தாம் வகுப்பில் படித்த பாஸ்கல் விதி. ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீரை இழுத்து, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். அமுங்காது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் காற்றோடு அமுக்குங்கள். உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். டிராக்டர் லிஃப்ட்டிலும் அதே கதைதான். பம்ப் எண்ணெயை உறிஞ்சி, அழுத்தி, ஒரு சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அங்கே இருக்கும் பிஸ்டன் நகர்ந்து கையைத் தூக்குகிறது. எண்ணெய் அமுங்காது, அதனால்தான் கலப்பை மேலே போகிறது. எண்ணெயோடு காற்று சேர்ந்தால் பம்ப் காற்றை அமுக்கிக்கொண்டு கிடக்கும், கலப்பை தரையில் கிடக்கும். சென்னையில் இப்போது ஓடுகிற தாழ்தளப் பேருந்து, ஆட்கள் ஏறுவதற்காக ஒரு பக்கம் சாய்கிறதே, அது காற்றால் நடக்கிற வேலை. எங்கள் லிஃப்ட்டுக்குக் காற்றுதான் எமன்.

இதை இப்போது எழுதக் காரணம் போன புரட்டாசி.

எங்களுக்குக் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காடு, மானாவாரி. மழை பெய்த மறுநாள் கரிசலில் கால் வைக்க முடியாது, செருப்போடு அரைக் கிலோ மண் வரும். ரெண்டு மூணு நாள் கழித்துப் பதம் வரும். அந்தப் பதம் வெயிலைப் பொறுத்து நாலைந்து நாள் நிற்கும். அதற்குள் உழுது விதைத்துவிட வேண்டும். தவறினால் மேல் மண் காய்ந்து வெடித்துவிடும், அடுத்த மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வெளி வண்டியைக் கூப்பிடலாமே என்பீர்கள். பதம் வந்தால் ஊருக்கே ஒரே நேரத்தில்தான் வரும். மணிக்கு 1,200 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வண்டி கிடைக்காது.

எங்கள் வண்டிக்கு 1000 மணி நேரம் ஓடியதும் கியர் பெட்டி ஆயிலை மாற்றச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. கியருக்கும் லிஃப்ட்டுக்கும் அதே ஆயில்தான். கணக்குப்படி நேரம் வந்ததால், சீசனுக்கு முன்பே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு மாற்றினேன். புத்தகத்தில் போட்டிருந்த அதே தர ஆயில், அதே அளவு. பழைய ஆயிலை இறக்கி, உள்ளே இருக்கும் சல்லடையைக் கழுவி மாட்டிக் கொடுத்தார்கள். வண்டி வீடு வந்து நின்றது. மழை பெய்தது. பதம் வந்தது. கலப்பையை மாட்டி லீவரை இழுத்தால் கை திக்கித் திக்கி அரை அடி ஏறி நின்றுவிட்டது. பம்ப் பக்கம் ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல்.

ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஆள் வந்தார். சத்தத்தைக் கேட்டதும், “பம்ப் போயிருச்சு அண்ணாச்சி. 18,000 ஆகும். பொருள் மதுரையில இருந்து வரணும், மூணு நாள்” என்றார். மூணு நாள் என்றால் பதம் போய்விடும். 18,000 என்றால் விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த காசு. “ஆயில் மாத்துறதுக்கு முந்தின நாள் வரைக்கும் ரொட்டவேட்டரையே தூக்குன பம்ப் தம்பி, எப்படி ஒரே ராத்திரியில போகும்?” என்று கேட்டேன். “இரும்புதானே அண்ணாச்சி” என்றார். பம்பைக் கழற்ற வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பக்கத்து ஊரில் ஒரு மாமா இருக்கிறார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதுக்கு மேல். பைக்கில் கூட்டி வந்தேன். வந்தவர் ஸ்பேனரையே தொடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, “கடைசியா எந்தெந்த இடத்துல கை வச்சாங்க மாப்ள?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப அதை மட்டும் பாப்போம். கை வைக்காத இடம் தானாக் கெட்டுருக்கும்னு கடைசியா நினைப்போம்.”

முதலில் அளவு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கையை முழுதாக இறக்கி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டார். பிறகுதான் ஆயில் குச்சியை எடுத்தார். அளவு சரியாக இருந்தது. ஆனால் குச்சியில் ஒட்டியிருந்த ஆயில் மோர் மாதிரி வெளுத்து, நுரையாக இருந்தது.

“ஒண்ணு தண்ணி, இல்லேன்னா காத்து” என்றார். கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துத் திண்ணையில் வைக்கச் சொன்னார். பிறகு வீட்டம்மாவிடம் ஒரு தோசைக்கல் கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விளிம்பு உடைந்த பழைய கல்லைக் கொடுத்தாள். அடுப்பில் காயவைத்து, ரெண்டு சொட்டு ஆயிலை விட்டார். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு மாதிரி படபடவென்று பொரியும். பொரியவில்லை, பேசாமல் புகைந்தது. அதற்குள் பாட்டிலில் இருந்த ஆயில் அடியிலிருந்து தெளிய ஆரம்பித்தது. தண்ணீராக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் தெளியாது. அப்போ காற்றுதான். புது ஆயில் தப்பித்தது, காசு தப்பித்தது.

அடுத்து லீவர். லிஃப்ட்டுக்கு இரண்டு லீவர் உண்டு. ஒன்று கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு. இன்னொன்று, மண் இறுக்கமான இடத்தில் கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே வருவதற்கு. இரண்டாவது லீவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போய், லிஃப்ட் ரிப்பேர் என்று நினைத்தவர்கள் உண்டாம். எங்கள் வண்டியில் இரண்டும் சரியாக இருந்தது.

பிறகு கலப்பையைக் கழற்றிவிட்டு வெறும் கையைத் தூக்கச் சொன்னார். அப்போதும் திக்கியது. “சும்மா இருக்கும்போது வழுவழுன்னு ஏறி, பாரம் வச்சா மட்டும் நின்னா பம்ப் தேய்மானம், இல்லேன்னா ரிலீப் வால்வுன்னு யோசிக்கலாம். தூக்கிட்டு எஞ்சினை அணைச்சதும் கை இறங்கினா சிலிண்டர் பக்கம் கசிவு. சும்மா இருக்கும்போதே திக்கினா, நுரையும் இருந்தா, பம்புக்கு முன்னாடி எங்கயோ காத்து ஏறுது.”

எனக்கு ஒரு சந்தேகம். “ஓட்டை இருந்தா ஆயில் ஒழுகணும்ல மாமா? எங்கயும் ஈரமே இல்லையே?”

அதற்கு அவர் சொன்னதைத்தான் இந்தப் பதிவிலேயே முக்கியமாக நினைக்கிறேன். “தள்ளுற பக்கத்து ஓட்டைதான் மாப்ள ஒழுகும். உறிஞ்சுற பக்கத்து ஓட்டை காத்தை உள்ள இழுக்கும், ஒழுகாது. இளநி குடிக்கிற ஸ்ட்ராவுல மேல ஒரு ஓட்டை இருந்தா இளநியா ஒழுகுது? வாய்க்குக் காத்துதான் வரும்.”

எங்கள் வண்டியில் பம்ப் எஞ்சின் பக்கம் இருக்கிறது, ஆயில் மட்டத்துக்கு மேலே. சல்லடையில் இருந்து ஒரு குழாய் பம்புக்கு வருகிறது. அந்தக் குழாயின் மூட்டுகளில் ஒவ்வொன்றாகக் கெட்டிக் கிரீஸை அப்பினார். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது மூட்டில் அப்பியதும் முனகல் சட்டென்று குறைந்தது. கிரீஸ் உள்ளே இழுபட்டு நடுவில் ஒரு குழி விழுந்தது. “உடனே அணை” என்றார். காற்றோடு ஓடினால் பம்ப்புக்குள் எண்ணெய்ப் பசை இல்லாமல் பல் தேய்ந்து, இல்லாத ரிப்பேர் நிஜமாகவே வந்துவிடும்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே ஓ-ரிங், அதுதான் ரப்பர் வளையம், பழையது. சல்லடையைக் கழுவக் குழாயைக் கழற்றியவர்கள் அதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். காய்ந்து, தட்டையாகி, ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. கோவில்பட்டி கடையில் புதுசு 40 ரூபாய்.

நடுவில் ஒன்று நடந்தது. கலப்பையைத் திரும்ப மாட்டி அரைகுறையாகத் தூக்கி வைத்திருந்த நேரத்தில், என் தம்பி மகன் கீழே விழுந்த போல்ட்டை எடுக்கக் கொத்துக்கு அடியில் கையை விட்டான். மாமா போட்ட சத்தத்தில் தெரு நாய் எழுந்து ஓடியது. காற்று ஏறிய லிஃப்ட் எப்போது இறங்கும் என்று அதற்கே தெரியாது. 200 கிலோ இரும்பு, அடியில் கூர்க்கொத்து. கட்டை முட்டுக்கொடுக்காமல் தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. கசிவைத் தேடும்போதும் அழுத்தக் குழாயை விரலால் தடவக் கூடாது, ஊசித் துளையில் பீறிடுகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். நாற்பது வருஷத்தில் டிப்போவில் விரல் போனவர்களை மாமா பார்த்திருக்கிறார்.

புது வளையம் போட்ட பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கலப்பை இல்லாமல் வெறும் கையைப் பதினைந்து தடவை ஏத்தி இறக்கினோம். முதல் நாலைந்து தடவை திக்கியது, பிறகு நெய் மாதிரி ஏறியது. உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியதும் ஆயில் மட்டம் இறங்கும், அதனால் மறுபடி குச்சியில் பார்த்து ஒரு லிட்டர் சேர்த்தோம். சாயங்காலம் நாலு மணிக்குக் காட்டுக்குப் போன வண்டி ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்பியது. மறுநாள் மீதியை முடித்தோம். உளுந்தும் மக்காச்சோளமும் ஈரத்திலேயே விழுந்தன.

அந்த ஒர்க்‌ஷாப் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பத்து வண்டி காத்திருந்தது. பம்பை மாற்றினால் அந்த மூட்டையும் கழற்றிப் புது வளையம் போட்டுத்தான் ஆக வேண்டும், லிஃப்ட்டும் தூக்கியிருக்கும், பம்ப்தான் கெட்டிருந்தது என்று நானும் நம்பியிருப்பேன். எங்கள் பக்கம் இப்படி மாற்றப்பட்ட நல்ல பம்ப்புகள் எத்தனையோ, யாருக்குத் தெரியும். அந்த 18,000-க்குப் பின்னால் ஒரு நகை அடகுக்குப் போயிருக்கும்.

மாமாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்க மாட்டார். ஆயில் மாற்றப் போகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது ஒன்றுதான். கழற்றுகிற ஒவ்வொரு மூட்டுக்கும் புது வளையம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய வளையத்தை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அது உங்கள் பையில் இருந்தால் வண்டிக்குள் இல்லை என்று அர்த்தம்.