துலாத்தட்டிலே ஒரு சிற்றிதயம்

புற்றுநோயால் ஒருவர் இறந்தார் என்று கூறும்போது, அவரது உயிரைக் கொண்டது உண்மையில் எது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. கட்டி தோன்றிய இடம் நுரையீரலாகவோ குடலாகவோ சதையியாகவோ இருக்கலாம். ஆயினும் இறுதி நாட்களில் நோயாளியைச் சூழ்ந்திருப்போர் காண்பது கட்டியை அன்று. உருகிக்கொண்டே போகும் ஓர் உடலைத்தான். கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்து, எழுந்து நிற்கவும் வலுவின்றி அவர் கிடப்பார். ஊட்டமான உணவு கொடுத்தும் அம்மெலிவு நிற்பதில்லை. பண்டைக் கிரேக்கர் இதற்குக் ‘கெட்ட நிலை’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். கண்ணுக்குத் தெரியும் தசைகள் இவ்வாறு கரையும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு தசையும் உடன் கரையக்கூடும் என்பது நெடுங்காலம் பெரிதாகக் கொள்ளப்படவில்லை. அத்தசை இதயம்.

இதனை மனிதரில் மட்டும் ஆராய்ந்து தெளிவது அரிது. நோயாளியின் இதயத்தை வாரந்தோறும் எடுத்து நிறுத்துப் பார்த்தல் இயலாது. அன்றியும், நோயாளி பெரும்பாலும் முதியவர். முன்னரே குருதியமுக்கமோ நீரிழிவோ உடையவராக இருக்கலாம். நச்சுத்தன்மை வாய்ந்த மருந்துகளையும் உட்கொண்டவர். அவரது இதயம் தளர்ந்ததெனின், அது முதுமையின் வினையா, மருந்தின் வினையா, கட்டியின் வினையா என்று பிரித்தறிவது எவ்வாறு? இப்பிரிப்பைச் செய்வதற்காகவே ஆய்வாளர் விலங்குகளை நாடினர். ஒரே மரபுவழி வந்த, ஒரே வயதுடைய சுண்டெலிகளை இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்திற்கு மட்டும் கட்டிக் கலங்களைப் புகுத்தினால், பின்னர் தோன்றும் வேறுபாட்டிற்குக் கட்டியே காரணம் எனலாம்.

இவ்வகையில் பெயர்பெற்றது ‘கோலன்-26’ எனப்படும் பெருங்குடற் புற்றுக் கலவரிசை. இக்கலங்களை ஏற்ற சுண்டெலி சில வாரங்களிலேயே மெலிந்து இறக்கின்றது; அதன் இதயமும் நிறைகுறைகின்றது. 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இம்மாதிரியைக் கொண்டே வியப்புக்குரிய முடிவொன்றைக் கண்டது. தசை வளர்ச்சியைத் தடுக்கும் அக்டிவின் முதலிய புரதங்கள் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியொன்றிற் பற்றிக்கொள்ளும். அவ்வாங்கியைப் போன்ற போலி மூலக்கூறொன்றைக் குருதியிற் செலுத்தி, அப்புரதங்களை இடைமறித்தனர். கட்டியின் வளர்ச்சி குறையவில்லை. ஆனால் கரைந்த தசை மீண்டது. சுருங்கிய இதயமும் மீண்டது. சுண்டெலிகள் நெடுநாள் வாழ்ந்தன. கட்டி இருந்தபடியே இருக்க, மெலிவை நீக்கியதனாலேயே ஆயுள் நீண்டது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. உயிரைக் கொல்வது கட்டி மட்டுமன்று, அது உடலெங்கும் அனுப்பும் ஆணைகளுமே என்பதை அச்சிற்றுயிர்கள் காட்டின.

2014ஆம் ஆண்டில் இன்னுமொரு சான்று கிடைத்தது. யப்பானிய ஆய்வாளர் யொஷிடாவின் பெயரால் வழங்கும் ஈரற் புற்றுக் கலங்களை ஏற்ற எலிகளில், இதயநோய்க்கு வழக்கமாக வழங்கப்படும் பிசோப்ரொலோல், ஸ்பைரோனோலக்டோன் ஆகிய மருந்துகள் இதயத் தேய்வைக் குறைத்து உயிர்வாழ்வையும் கூட்டின. அதே ஆய்வாளர் புற்றுநோய் மெலிவோடு இறந்த மனிதரின் இதயங்களையும் ஆராய்ந்து, அவையும் தேய்ந்திருந்தமையைக் கண்டனர். விலங்கிற் கண்டதை மனிதரிலும் தேடிப் பார்க்கும் இந்நேர்மையே மாதிரியாய்வுக்கு உயிர்நாடி.

கட்டியின் வினை இவ்வாறாக, கட்டியைத் தாக்கும் மருந்தின் வினை வேறொன்று. டொக்சோரூபிசின் பல புற்றுகளை அடக்கவல்லது, இதயத்தையும் வருத்தவல்லது. உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு மொத்தம் 550 மில்லிகிராம் அளவை எட்டியோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழுபேர் இதயச் செயலிழப்புக்கு உள்ளாயினர் என 1979இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. முயல், நாய் முதலியவற்றில் நிகழ்த்திய சோதனைகள் டெக்ஸ்ராசொக்சேன் என்னும் பொருள் இவ்வூறைத் தணிக்கும் எனக் காட்டின. 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் அது மருந்தாக ஏற்கப்பட்டது. இன்று நோயாளரின் இதயத்தைக் காக்கும் அம்மருந்துக்குப் பின்னால் பெயரற்ற விலங்குகள் பல நிற்கின்றன.

ஆயினும் மாதிரி என்பது மெய்ப்பொருள் அன்று. சுண்டெலியின் இதயம் ஒரு நிமிடத்தில் ஐந்நூறு, அறுநூறு முறை துடிக்கும். மனிதனுடையது எழுபதளவில் துடிக்கும். சோதனைச் சுண்டெலி இளமையானது; அதன் கட்டி சில வாரங்களில் உடல்நிறையின் பத்திலொரு பங்கையும் எட்டக்கூடும். அறுபது கிலோகிராம் நிறையுள்ள மனிதரில் அது ஆறு கிலோகிராம் நிறையுள்ள கட்டிக்கு ஒப்பாகும்! மார்புப் புற்றுக்கு வழங்கும் ட்ரஸ்டுசுமாப் என்னும் பிறபொருளெதிரியின் வரலாறு இதனை மேலும் விளக்கும். அது மனிதப் புரதத்தை இனங்காணும். சுண்டெலியின் ஒத்த புரதத்தை அறியாது. ஆகவே அதனைச் சுண்டெலிக்குச் செலுத்தினால், அப்புரதம் தடுக்கப்படும்போது இதயம் என்னாகும் என்பது வெளிப்படாது. மருந்து வழங்கப்பட்ட பெண்களிலேயே இதயத் தளர்ச்சி கண்டறியப்பட்டது. பின்னர் 2002இல், அப்புரதத்திற்குரிய பரம்பரையலகைச் சுண்டெலியின் இதயத்திலிருந்து நீக்கிப் பார்த்தபோது, இதயவறைகள் விரிந்து தளர்ந்தன. தவறாகக் கேட்டால் மௌனமாயிருக்கக்கூடிய சுண்டெலியே, முறையாகக் கேட்டபோது விடை தந்தது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. யப்பானின் கியோத்தோவில் தசுக்கு ஹொன்ஜோவின் குழுவினர், நிர்ப்பீடனத்தைக் கட்டுப்படுத்தும் பீடி-1 என்னும் புரதமற்ற சுண்டெலிகளை உருவாக்கினர். கறுப்புச் சுண்டெலி இனமொன்றில் அக்குறை மூட்டுகளையும் சிறுநீரகங்களையும் தாக்கியதென 1999இல் அறிவித்தனர். வெள்ளைச் சுண்டெலி இனமொன்றிலோ அது இதயத்தை விரிவடையச் செய்து உயிரைப் போக்கியதென 2001இல் அறிவித்தனர். அதே புரதத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகள் 2014இல் பயன்பாட்டுக்கு வந்தன, பலருக்கு வாழ்வளித்தன. 2018இல் ஹொன்ஜோ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் 2016இல், இவ்வகை மருந்துகள் இரண்டை ஒருங்கே பெற்ற நோயாளர் இருவர் கடுமையான இதயவழற்சியால் இறந்த செய்தி மருத்துவ உலகை விழிக்கச் செய்தது. தொடக்ககால மருத்துவச் சோதனைகளில் இதயத்தை ஒழுங்காகக் கண்காணிக்கும் வழக்கம் இருக்கவில்லை. சுண்டெலியில் இதயத்தைத் தாக்கியவை பிறபொருளெதிரிகள். மனிதரில் தாக்கியவை நிணநீர்க்குழியங்கள். எனவே இரண்டும் ஒன்றே எனல் மிகையாகும். இருப்பினும் ‘இதயத்தைக் கவனிக்க’ என்னும் எச்சரிக்கை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறியிருந்தது என்பது உண்மை.

இங்கேதான் அறத்தின் வினா எழுகின்றது. புறாவின் உயிருக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து துலாத்தட்டில் இட்ட மன்னனின் கதையைத் தமிழ்ப் புலவர் போற்றினர்; சோழர் தம்மை அவன் வழியினர் என்று கூறிப் பெருமையுற்றனர். ஆய்வுகூடத்தில் அத்துலாக்கோல் தலைகீழாகின்றது. அங்கே தட்டில் வைத்து நிறுக்கப்படுவது ஒரு கிராமின் பத்திலொரு பங்கையே சற்று மிஞ்சும் சுண்டெலியின் இதயம். காக்கப்படுவது மனிதனின் உயிர். சிபி தானே முன்வந்து கொடுத்தான். சுண்டெலியிடம் எவரும் இசைவு கேட்டதில்லை.

அங்ஙனமாயின் இவ்வாய்வை முற்றாகக் கைவிடலாமா? மனிதனின் தோற்கலத்திலிருந்தோ குருதிக்கலத்திலிருந்தோ துடிக்கும் இதயக்கலங்களை வளர்த்து, மருந்தின் நஞ்சை அவற்றில் சோதிக்க இன்று முடிகின்றது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் கலத்திற்குப் பசியில்லை, ஈரலில்லை, மூளையில்லை. மெலிவு என்பது முழு உடலும் கூடி நிகழ்த்தும் கேடு. அதனை முழு உடலிலன்றிக் காண்பது இன்னும் அரிதாகவே உள்ளது. ஆகவே 1959இல் றசல், பேர்ச் என்னும் அறிஞர் இருவர் வகுத்த நெறியே இன்றும் வழிகாட்டுகின்றது: இயலுமிடத்து விலங்குக்கு மாற்றுக் காண்க, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க.

இம்மூன்றோடு நான்காவதொரு கடனும் உண்டு. பெற்ற சான்றை வீணாக்காதிருத்தலே அது. திட்டமின்றிச் செய்த சோதனையில் மடிந்த விலங்கு வீணே மடிந்தது. எதிர்பார்த்த முடிவு வரவில்லையென்று பெட்டகத்தில் பூட்டப்பட்ட ஆய்விலே மடிந்ததும் அவ்வாறே. அச்சேறியும் நோயாளியின் கட்டிலருகே எட்டாத எச்சரிக்கையும் அதனையே சாரும். ஆய்வாளர் கொல்லும் ஒவ்வோர் உயிரும் ஒரு வினாவிற்கு விடையளித்துவிட்டே போகின்றது. அவ்விடையைப் பொறுமையோடு படிப்பதும், அதன் எல்லையை உணர்ந்து நோயாளிக்குப் பயன்படச் செய்வதும், உயிர்வாழ்வோர் தீர்க்க வேண்டிய கடன்.