பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடத்துக்கு ஓர் ஆண்டுத் திட்டம்

5 ஆம் தரம் வரைக்கும் பிள்ளையின் படிப்பு ஓரளவுக்குத் தாயின் கைக்குள் இருக்கும். சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடத்தில் வருகின்ற மரமும் மாடும் மழையும் எமக்குத் தெரிந்தவைதானே. 6 ஆம் தரத்துக்குப் போனதும் விஞ்ஞானம் என்ற தனிப்பாடம் வந்துவிடுகிறது. சடப்பொருள், சக்தி, அமிலம், காரம் என்று சொற்கள் மாறுகின்றன. அந்த இடத்தில்தான் எங்கள் தாய்மார் பலர் "இனி எனக்கு விளங்காது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 6 முதல் 9 வரையான நான்கு வருடங்களும் அப்படியே கழிகின்றன. சாதாரண தரப் பரீட்சை அருகில் வரும்போது பிள்ளை தடுமாறுகிறது.

இது வெறும் புள்ளிப் பிரச்சினை அல்ல. விஞ்ஞானத்தில் அடித்தளம் இல்லாத பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவை எட்டிப் பார்க்க முடியாது. அந்தப் பிரிவில் சித்தியடையாமல் அரச தாதியர் பயிற்சிக்குப் போகவும் முடியாது. "என்ரை மகள் நேர்ஸாக வரவேணும்" என்று ஆசைப்படும் தாய்மாரை நான் நிறையக் காண்கிறேன். காயத்துக்கு மருந்து கட்டிய கைகளை அவர்கள் மறக்கவில்லை. அந்த ஆசைக்கான கதவு 6 ஆம் தரத்திலேயே மெல்ல மெல்லச் சாத்தப்படுகிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

நான் சமூகவியல் படித்தவள். விஞ்ஞான ஆசிரியை அல்ல. கிளிநொச்சி மாவட்டத்தில், 2010 இல் மக்கள் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு வேலை செய்கிறேன். அருகிலுள்ள பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் பல மாதங்களாக அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. சங்கக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்த கையோடு தாய்மார் இதைத்தான் கதைத்தார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு யுவதி, சனிக்கிழமைகளில் பொதுநோக்கு மண்டபத்தில் படிப்பிக்க முன்வந்தார். "எதை எப்ப படிப்பிக்கிறது எண்டு ஒரு ஒழுங்கு வேணும் அக்கா" என்றார். அந்த ஒழுங்கைப் போட அவரும் நானும் தாய்மாரும் ஒன்றாக இருந்தோம்.

புத்தகத்துக்குக் குறைவில்லை. எமது நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வியும் 1980 முதல் இலவசப் பாடநூலும் உண்டு. பாடநூலின் அலகுகளை ஒரு பெரிய தாளில் எழுதினோம். இன்னொரு தாளில் எங்கள் கிராமத்தின் ஆண்டை எழுதச் சொன்னேன். காலபோக அறுவடை எப்போது, வாடை எப்போது, சோளகம் எப்போது, பனம்பழம் எப்போது விழும், கிணறு எப்போது வற்றும், மாரி எப்போது தொடங்கும் என்று தாய்மார் சொல்லச் சொல்ல எழுதினோம். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினோம். பாடசாலைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு, அதில் நாங்கள் கை வைக்கவில்லை. சனிக்கிழமை வகுப்பு அதற்கு ஒரு துணை மட்டுமே.

முதலாந் தவணைக்கு வாடைக்காற்றும் வயலும் அமைந்தன. தைப்பொங்கலை அண்டிப் பட்டம் ஏற்றும் பிள்ளைகளுக்குக் காற்றும் விசையும் கற்பிக்க வேறு உபகரணம் வேண்டாம். அறுவடைக் காலத்தில் வித்துகள். நெல்லையும் பயற்றையும் ஈரத்துணியில் முளைக்க வைத்தால், நெல்லுக்கு ஒரு வித்திலையும் பயற்றுக்கு இரண்டு வித்திலையும் இருப்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். சித்திரைப் புதுவருட விடுமுறைக்கு ஒரு வீட்டுவேலை வைத்தோம். அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டால், பகல் 12.10 அளவில் அதன் நிழல் காணாமற் போகும். ஓகஸ்ட் மாதக் கடைசியில் இன்னொரு தடவை அப்படி வரும்.

இரண்டாந் தவணைக்கு வெயில். வெப்பமும் ஆவியாதலும் படிக்க ஒடியலும் கருவாடும் போதும். நீர் வற்றினால் நுண்ணங்கிகள் பெருக முடியாது. அதனால்தான் காய்ந்த உணவு மாதக்கணக்கில் பழுதாகாமல் இருக்கிறது. அமிலமும் காரமும் என்ற பாடத்துக்குச் செம்பரத்தம்பூவைச் சுடுநீரில் ஊறவைத்த சாறு. தேசிக்காய்ப் புளி விட்டால் அது சிவக்கும், சவர்க்கார நீர் விட்டால் பச்சையாகும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஏன் சிவக்கிறது என்பதும் இதே பாடந்தான். தகப்பன் சீவல் தொழில் செய்த ஒரு தாய், முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள் என்று சொன்னார். சுண்ணாம்பின் காரத்தன்மை மதுவத்தை வேலைசெய்ய விடுவதில்லை, அதனால் நொதித்தல் நடப்பதில்லை என்று ஆசிரியை விளக்கினார். பரம்பரையாகச் செய்த வேலைக்கு அன்றைக்குத்தான் காரணம் கேட்டோம்.

மூன்றாந் தவணை மாரிக்குரியது. வானிலை, நீர், நுளம்பின் வாழ்க்கை வட்டம் ஆகியவற்றை அதற்கு வைத்தோம். சிரட்டையில் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பி ஏறக்குறைய ஒரு கிழமையில் நுளம்பாகிப் பறந்துவிடும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவை வளவைத் துப்புரவாக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தானாக விளங்கும். தெளிந்த கிணற்று நீர் சுத்தமான நீர் ஆகிவிடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்த உப்பு போகாது. இயற்கை அனர்த்தம் என்ற பாடத்தில் 1964 டிசம்பர்ப் புயலையும் 1978 நவம்பர் மட்டக்களப்புச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் சேர்த்தோம். கடல் திடீரென உள்வாங்கினால் பார்க்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற அறிவு ஓர் உயிருக்குச் சமம்.

திட்டத்தில் இரண்டு இடங்களில் தாய்மார் என்னை நிறுத்தினார்கள். ஒன்று காந்தம். காந்தத்தைக் கொண்டு சுற்றாடலில் இரும்புப் பொருட்களைத் தேடுவதாக எழுதியிருந்தோம். பழைய இரும்பு பொறுக்கப் போய் மகனின் விரல்கள் போன ஓர் அம்மா எழும்பினார். "பிள்ளை, காந்தத்தைக் கையிலை குடுத்து வெளியாலை விடாதேங்கோ" என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்தப் பயிற்சியை வீட்டுக்குள் மாற்றினோம். ஊசி, ஆணி, பித்தளைச் செம்பு, அலுமினியச் சட்டி, அகப்பை என அடுப்படியிலேயே எல்லாம் இருக்கின்றன. அதோடு ஒரு பாடத்தையும் கூட்டினோம். தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடக்கூடாது, கல்லால் எறியக்கூடாது, வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

மற்றது ஒலி. ஊதிய பலூனை வெடிக்க வைத்து ஒலி பரவுவதைக் காட்டலாம் என்று ஆசிரியை சொன்னபோதே இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். அதை விட்டுவிட்டு, இரண்டு வெற்று நெருப்புப்பெட்டிகளை நூலால் இணைத்துக் கதைக்கும் விளையாட்டை வைத்தோம். அதிர்வு நூலின் வழியே போவதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படித்தார்கள். பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் அதைக் கற்பிக்கும் மண்ணின் கதையை அங்கு வாழ்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தாய்மாரில் ஒருவர் 2008 இல் 9 ஆம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்ந்தவர். அதன்பின் பாடசாலைக்குப் போகவில்லை. இப்போது மகள் 6 ஆம் தரத்தில். செம்பரத்தம்பூச் சாறு நிறம் மாறிய அன்று, அவர் மகளின் கொப்பியை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் தனக்காக அதை எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை தனக்கென்று ஒரு கொப்பியோடு வந்தார். இப்போது பின்வாங்கில் நான்கு தாய்மார் இருக்கிறார்கள்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. உங்கள் சங்கத்திலும் இரண்டு தாள்களை விரித்து வையுங்கள். ஒன்றில் பாடநூலின் அலகுகள், மற்றதில் உங்கள் ஊரின் ஆண்டு. கடற்கரைக் கிராமமென்றால் மீனும் உப்பும் வரும், தோட்டக் கிராமமென்றால் மண்ணும் பசளையும் வரும். உயர்தரம் படித்த ஒரு பிள்ளை எந்தக் கிராமத்திலும் இருப்பார், அவரைக் கேளுங்கள். வெற்றிடமாக உள்ள ஆசிரியர் பதவிக்காக வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதையும் நிறுத்த வேண்டாம். நாங்களும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டில் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் "எனக்குத் தெரியாது, போ" என்று சொல்லாமல், "வா, பார்ப்பம்" என்று சொல்லுங்கள். விஞ்ஞானத்தின் முதற்பாடம் அதுதான்.