தகரத்தின் மேல் ஒரு காலை

சிவகாசியில் நிறம் என்றாலே நெருப்பு நினைவுக்கு வரும். ஸ்டிரான்சியம் சிவப்பைத் தரும், பேரியம் பச்சையைத் தரும், செம்பு நீலத்தைத் தரும். எல்லாம் வானத்தில் சில நொடிதான். அதே ஊரில் ஆண்டுக்கணக்காக வெயிலில் நிற்க வேண்டிய நிறத்தைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் போனபோது காலை ஏழரை மணி. விருதுநகர் சாலையோரம் தினசரி காலண்டர் கட்டும் ஒரு கொட்டகை. மேலே மேஸ்திரியும் இரண்டு பையன்களும் நின்றார்கள். பெயிண்ட் டப்பா எதையும் இன்னும் திறக்கவில்லை. மேஸ்திரி குவளைத் தண்ணீரைத் தகரத்தில் ஊற்றிக் குனிந்து பார்த்தார்.

"முத்து முத்தா நிக்குது பாருங்க அண்ணாச்சி, எண்ணெய் இன்னும் போகல. இது மேல அடிச்சா ஆறே மாசத்துல உரிஞ்சு வந்திரும்."

சோப்புத் தண்ணீரில் மறுபடி தேய்த்தார்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவிய பிறகுதான் உப்புத்தாள் கைக்கு வந்தது.

இது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட். எண்ணெய் எனாமலை நேரே அடித்தால், எனாமலில் உள்ள எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு சேர்ந்து மெல்ல சோப்பாக மாறும். பளபளப்பான மேல்தோல் அப்படியே கழன்றுவிடும். அதனால் துத்தநாகத்துக்கென்றே உள்ள பிரைமர் முதலில் போக வேண்டும். எனாமல் அதற்குப் பிறகு, மெல்லிசாக இரண்டு கோட்.

நேரமும் முக்கியம். பனி ஈரம் காயுமுன் அடித்தால் கொப்புளம் எழும். தகரம் சுட்ட பிறகு அடித்தால் பெயிண்ட் பரவுமுன் இறுகி, பிரஷ் கோடு நிற்கும், பளபளப்பு வராது. இரண்டுக்கும் நடுவே கிடைப்பது சில மணி நேரம்தான். அதிலும் போல்ட் வரிசையை ஒட்டியே கால் வைத்து நடக்கிறார்கள். அதற்குக் கீழேதான் சட்டம் தாங்குகிறது.

ஆலையிலேயே வண்ணம் பூசி வரும் கலர் ஷீட்டை மாட்டும்போது கிரைண்டர் எடுப்பதில்லை, கத்திரியால்தான் வெட்டுகிறார்கள். சூடான இரும்புப் பொறி பெயிண்டில் பதிந்து துருப்புள்ளியாகிவிடும் என்பது ஒரு காரணம். இந்த வட்டாரத்தில் பொறிக்கு அஞ்ச இன்னொரு காரணமும் உண்டு. வெடிபொருள் விதிகள் 2008-இன் கீழ் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைக்குள் தீப்பொறி தரும் கருவிக்கே இடமில்லை.

நிறத்தில்தான் பேச்சு நீண்டது. முதலாளிக்கு மினுங்கும் அடர் நீலம் வேண்டும், இல்லையென்றால் சில்வர். சில்வர் பெயிண்டில் மினுங்குவது அலுமினியத் தூள்; மத்தாப்பில் வெள்ளொளி தருவதும் அதே உலோகம்தான். சில்வர் வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடாது. அடர் நீலமோ வெயிலை வாங்கிக்கொள்ளும். வெள்ளை, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டு, மிச்ச சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

மேஸ்திரி கொட்டகைக்குள் கையைக் காட்டினார். அங்கே பெண்கள் தரையில் அமர்ந்து தேதித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மதியம் நீங்க ஒரு மணி நேரம் இங்க உக்காந்து பாருங்க முதலாளி."

கடைசியில் சாலையைப் பார்த்த சரிவுக்கு மட்டும் நீலம் என்று முடிவானது. பையன் ஒருவன் கடைக்குக் கிளம்பினான். கையில் இருந்த சீட்டில் நீலம் இரண்டு டப்பா, வெள்ளை ஐந்து.