நான் பாதி மட்டும் சொல்லிக்கொடுத்த பாடம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நாகப்பட்டினம் பக்கம் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறான். காபி குடித்துவிட்டு, காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். இரண்டாக உடைந்த எவர்சில்வர் போல்ட். எஞ்சினைப் பின்பக்க மரக்கட்டையோடு பிடித்திருந்ததாம். கடலில் அது விட்டுப்போய் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. படகில் அவன் மகனும் இருந்தானாம்.

"சார், துருப்பிடிக்காத எஃகுன்னு நீங்கதான் சார் சொல்லிக்கொடுத்தீங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போல்ட்டின் தலை புதுசு மாதிரி மின்னியது. மரத்துக்குள் இருந்த பகுதி மட்டும் எலி கடித்தது போல இருந்தது.

குரோமியம் கலந்திருப்பதால் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது, அதுதான் காப்பு என்று வகுப்பில் சொன்னேன். அது சரி. கீறல் விழுந்தாலும் படலம் தானே வளரும்; அதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. ஈர மரத்துக்குள்ளும் வாஷருக்கு அடியிலும் உப்புத்தண்ணீர் தேங்கிவிடும், காற்று போகாது. குளோரைடு படலத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். பாவம், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இவன் மேலே டேப் வேறு சுற்றி வைத்திருந்தான்! நம் அம்மாக்கள் உப்பையும் ஊறுகாயையும் பீங்கான் ஜாடியில் போட்டதை நினைத்துக்கொண்டேன்.

அவனிடம் சொன்னதை மற்றவர்களுக்கும் எழுதுகிறேன். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், சந்துபொந்துகளில் முக்கியமாக. இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அதன் துகள் ஒட்டி அதுவே துருப்பிடிக்கும். டாய்லெட் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, இரண்டிலும் குளோரின் சமாச்சாரம்தான். போல்ட்டை அவ்வப்போது முழுதாகக் கழற்றிப் பாருங்கள், தலையைப் பார்த்து நம்பாதீர்கள். வாங்கும்போது 316 என்று கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, சாதாரண 304ஐ விட உப்பைத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை, நல்ல சரக்கு என்று கடைக்காரர் காட்டினால் ஏமாற வேண்டாம். மட்டமான 202லும் காந்தம் அநேகமாக ஒட்டாது. 316 விலை கூடத்தான். அதுவும் மரத்துக்குள் அடைந்து கிடந்தால் அரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற போல்ட்டுகளையும் கழற்றப் போகிறான். பூதக்கண்ணாடியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கும் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்னதில் தப்பிருந்தால் அதற்குள் கமெண்டில் திருத்திவிடுங்கள்.